அறுபத்து நாலுக்குப் பக்கத்து இடம்

அந்த ஊர் இடுகாட்டில் எந்த மண் எங்கே இருக்கிறது என்று குழிக்காரருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. வாசலிலிருந்து கிணறு வரைக்கும் களிமண். மழைக்காலத்தில் மண்வெட்டியை வெளியே விடாது, வெயில் காலத்தில் உள்ளேயே விடாது. அங்கே படுத்திருப்பவர்கள் படகு கவிழ்ந்து செத்தவர்கள். கிணற்றுக்கு அப்பால் பொலபொலவென்று மணல். அது காய்ச்சல் வருஷத்துக்காரர்களுக்கு. ஒரே நாளில் பதினான்கு குழி வெட்டிய இடம் அது. வெட்டியவர் இவருக்கு முந்தின ஆள். பதினைந்தாவது குழியில் அந்த ஆளே படுத்துவிட்டதால்தான் இவருக்கு இந்த வேலை கிடைத்தது. சினிமாக் கொட்டகை எரிந்தபோது போனவர்கள் பெரிய மரத்தடியில் இருக்கிறார்கள். எல்லாம் வேர், கோடாரி இல்லாமல் காரியம் ஆகாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வாத்தியார்கள் வரிசையாகக் கூட்டிவந்து, இதுதான் நம் ஊர்ச் சரித்திரம் என்று காட்டுவார்கள். குழிக்காரருக்கு அது சரித்திரம் இல்லை, முதுகுவலி.

இருப்பதிலேயே கெட்ட மண் நடுவரிசை. சரளையும் சுண்ணாம்பும் சேர்ந்து இறுகிப்போன சுக்கான் நிலம். கடப்பாரை போட்டால் தீப்பொறி பறக்கும். அங்கே எழுபத்தொரு சுரங்கத் தொழிலாளிகள் கிடக்கிறார்கள். எழுபத்தொரு குழியும் இவர் கையால் வெட்டியது, நாற்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், இருபத்திரண்டு வயதில். அந்த மண்ணில் ஒரு அங்குலம் அதிகமாக வெட்ட யாருக்கும் மனசு வராது. அதனால் பிணம் வந்ததும் ஒரு குச்சியை வைத்து அளந்து, அந்த அளவுக்கு மட்டுமே வெட்டுவார். மேலே சுற்றிக் கட்டும் கல் வரம்பும் அதே அளவுதான். ஒவ்வொரு கல்யாணமானவன் பக்கத்திலும் அவன் பெண்டாட்டிக்கென்று ஒரு இடம் விடுவது வழக்கம். நாற்பத்தோரு வருஷத்தில் அதில் பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது.

அறுபத்து நாலாம் குழிக்குப் பக்கத்திலும் ஒரு இடம் காலியாகக் கிடந்தது. ஆனால் பதிவேட்டின்படி அறுபத்து நாலில் இருப்பவன் கல்யாணமாகாதவன். நகராட்சி எழுத்தர்கள் மாறி மாறி வந்து அதென்ன அங்கே இடைவெளி என்று கேட்டபோதெல்லாம், கீழே பாறை, வெட்ட முடியாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அன்றைக்குக் காலை ஏழரை மணிக்கு, இடுகாட்டு வாசலில் இரும்பு வளைவுக்குத் தலையைக் குனிந்துகொண்டு ஒரு பெண் நுழைந்தாள். அந்த வளைவுக்குக் குனிய வேண்டிய ஆள் ஊரில் அவள் ஒருத்திதான். டவுன் பஸ்ஸில் கண்டக்டர். முதல் டிரிப்பிலேயே சேதி வந்து பாதியில் இறங்கியிருக்கிறாள். வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. இருபதிலிருந்து எழுபது வரைக்கும் எந்த வயசு ஆம்பளையையும் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள், தொழில் அப்படி.

"அண்ணே, அம்மா போயிட்டா. நாலு மணிக்கு எடுக்கிறோம். செவுத்தோரமா ஒரு குழி வெட்டிடுங்க."

செவுத்தோரம் என்றால் யாரும் இல்லாதவர்கள், அடையாளம் தெரியாதவர்கள், லாரியில் அடிபட்டுக் கேட்க ஆளில்லாமல் போனவர்கள். குழிக்காரர் ஏன் அங்கே என்று கேட்டார். கேட்கும்போதே பதில் தெரிந்திருந்தது.

"அவளே சொல்லி வச்சிட்டுத்தான் போனா. ஓடிப்போனவன் பொண்டாட்டிக்கு நடுவரிசையில என்ன வேலைன்னு."

உயரம் எவ்வளவு என்று வழக்கம்போலக் கேட்டார். அம்மா சாதாரண உயரம்தான், அஞ்சு அடிக்குள்ள அடங்கிடுவா, நான்தான் இப்படி என்றாள். "எங்கப்பன் எனக்குன்னு விட்டுட்டுப் போனது இந்த உயரம் ஒண்ணுதான். பஸ்ஸுல நிமிர்ந்து நிக்க முடியல." கொஞ்சம் சிரித்தாள். அழுது முடித்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு. ராத்திரி பூராவும் அம்மா அந்த ஒம்பதரையைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள், விடிகாலையில் திட்டிக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றுவிட்டதாம் என்றாள். ஒம்பதரை என்பது அப்பனுக்கு அம்மா வைத்த பெயர். நிலக்கரித் தள்ளுவண்டி ஏறி அவனுக்கு இடது கால் பெருவிரல் பாதியாகப் போயிருந்தது. கல்யாணமான புதிதில் கொஞ்சலாகச் சொன்னது, அவன் காணாமல் போன பிறகு வசவாக மாறி, நாற்பத்தோரு வருஷம் அந்த வீட்டில் உப்பைப்போலப் புழங்கியது.

ஊர் அவனுக்கு வைத்த பெயர் ஏணி. அவனைத்தான் குழிக்காரர் அறுபத்து நாலில் புதைத்திருந்தார்.

நடந்தது இதுதான். சுரங்கத்தில் இறங்கும் ஒவ்வொருவனுக்கும் எண் பொறித்த ஒரு பித்தளைப் பில்லை உண்டு. இடுப்புக் கயிற்றில் கட்டியிருக்க வேண்டும். பில்லையைப் பார்த்துத்தான் விளக்குக் கொடுப்பார்கள், பில்லைக்குத்தான் ஆஜர் போடுவார்கள்; முகத்தை யாரும் பார்ப்பதில்லை. கரிப்புழுதியில் எல்லா முகமும் ஒன்றுதான். ஒருத்தனுக்கு உடம்பு சரியில்லை, குடித்தது தெளியவில்லை, எங்கேயோ போக வேண்டும் என்றால், வேலையில்லாமல் இருக்கிற கூட்டாளியிடம் பில்லையைக் கொடுத்து இறக்கிவிடுவான். மேலதிகாரிகளுக்குத் தெரியாது. மற்ற எல்லாருக்கும் தெரியும்.

ஏணி சூப்பர்வைசரைக் கைநீட்டி அடித்ததற்காகப் பதினைந்து நாள் வேலை நீக்கத்தில் இருந்தான். குழிக்காரருடைய மச்சான், பெண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பி, ஊர் வைத்த பெயர் அரைப்படி. நின்றால் ஏணியின் நெஞ்சுக்கு வருவான். இரண்டு பேரும் ஒன்றாக நடந்துபோனால் தெருவே சிரிக்கும். அன்றைக்கு அரைப்படிக்குத் தலைதூக்க முடியாத போதை. பில்லையை ஏணியிடம் கொடுத்தான். ஏணி இறங்கினான். காலை பதினொரு மணிக்கு, பக்கத்தில் எப்போதோ மூடிப்போட்ட பழைய சுரங்கத்தில் தேங்கியிருந்த தண்ணீர் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. எழுபத்தொரு பேர் மேலே வரவில்லை.

போதை தெளிந்து எழுந்த அரைப்படி, செத்தவர்கள் பட்டியலில் தன் பெயரைக் கேட்டான். வெளியே வந்தால் பில்லை மாற்றியதற்கு ஜெயில், ஏணியின் சாவும் தலையில் விழும். பின்வாசல் வழியாக வந்து அம்மாவிடமும் அக்காவிடமும் சொல்லிவிட்டு, கரிலாரி ஒன்றில் ஏறிப் போய்விட்டான். ஏணியின் பெயரோ எந்தப் பட்டியலிலும் இல்லை. வேலை போன ஆத்திரத்தில் ஓடிவிட்டான் என்று ஊர் முதலில் சொன்னது. பிறகு எவளையோ கூட்டிக்கொண்டு ஓடினான் என்றது. அந்த எவள் யார் என்று கேட்கத்தான் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பத்தொன்பது நாள் பம்பு ஓடிய பிறகு பிணங்கள் வந்தன. தார்ப்பாயில் சுற்றி, மேலே பில்லையைக் கட்டி. முகம் என்று சொல்ல எதுவும் இல்லை. மச்சான் பில்லை கட்டிய பிணம் வரும் முன்பே குழிக்காரர் அவனுக்குக் குழி வெட்டிவிட்டார். அவன் கதை அவருக்கு அப்போது தெரியாது, பெண்டாட்டி சொல்லவில்லை. குச்சி வைத்து அளக்கக்கூட இல்லை. சொந்த மச்சான் உயரம் தெரியாதா என்ன. அழுதுகொண்டே வெட்டினார்.

பிணத்தை இறக்கினார்கள். குழி பற்றவில்லை. கால் ஒரு அடிக்கு மேல் வெளியே நின்றது. தார்ப்பாய் விலகி இடது பாதம் தெரிந்தது, பெருவிரல் பாதியாக. குழிக்காரர் அதைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டு அழுத மாமியார் அந்தக் காலைப் பார்த்து ஒரு மூச்சு நிறுத்தினாள். பிறகு முன்னைவிடச் சத்தமாக அழுதாள். தண்ணீரில் ஊறியிருக்கும், சீக்கிரம் வெட்டு என்று அதிகாரி கத்தினான். ஊறினால் உடம்பு அகலும், நீளுமா? சுற்றி அறுபது பேர் நின்றார்கள். ஒருத்தர் வாயிலிருந்தும் அந்தக் கேள்வி வரவில்லை. பிணத்தை மேலே தூக்கி வைத்துவிட்டு, எல்லாரும் பார்க்க, குழிக்காரர் இன்னும் ஒன்றரை அடி வெட்டினார்.

அன்றைக்குச் சாயங்காலம் பெண்டாட்டி எல்லாவற்றையும் சொன்னாள். வாயைத் திறந்தால் தம்பிக்குத் தூக்கு என்றாள். செத்தவனின் வாரிசாக அவளுக்குக் கம்பெனி ஆஸ்பத்திரியில் வேலை வந்தது. அந்த வேலையில்தான் இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினார்கள், அதன் பென்ஷனில்தான் இப்போது அடுப்பு எரிகிறது. அரைப்படி தூர ஊரில் வேறு பெயரில் லாரி ஓட்டி, ஆறு வருஷத்துக்கு முன்னால் ஈரல் கெட்டுச் செத்தும் போனான். குழிக்காரர் தன்னால் ஆனது என்று செய்தது ஒன்றே ஒன்றுதான். அறுபத்தைந்தாம் குழியை நாலடி தள்ளி வெட்டினார்.

கண்டக்டர் போன பிறகு, சொன்னபடி செவுத்தோரம்தான் போனார். கயிறு பிடித்துக் கோடு போட்டார். முழங்கால் ஆழம் வெட்டினார். நல்ல மண், வெண்ணெய் மாதிரி இறங்கியது. அதற்கு மேல் கை ஓடவில்லை.

சுரங்கத்தில் தண்ணீர் புகுந்த நாள் வரும்போது வருஷா வருஷம் விதவைகள் நடுவரிசைக்கு வருவார்கள். ஏணியின் பெண்டாட்டியும் அவர்களுக்குத் துணையாக வருவாள், வரிசைக்கு வெளியே நிற்பாள். ஒரு வருஷம் செருப்பில் கல் புகுந்துவிட்டது என்று, அறுபத்து நாலின் கல் வரம்பில் உட்கார்ந்து செருப்பை உதறினாள். குழிக்காரர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். குடித்துவிட்டு, "இங்க படுத்திருக்கிறவனுக்கெல்லாம் கொடுத்து வச்சிருக்கு. அழுறதுக்கு ஆளு இருக்கு" என்றாள். அவருக்கு நாக்கு நுனி வரை வந்தது. செம்பை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தார். அது நடந்து பதினோரு வருஷம் இருக்கும்.

கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு நடுவரிசைக்கு வந்தார். அறுபத்து நாலுக்குப் பக்கத்தில் கோடு போட்டார்.

மத்தியானம் பெண்டாட்டி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தபோது இடுப்பு ஆழம் வெட்டியிருந்தார். அவள் செவுத்தோரம் பாதி வெட்டிய குழியைப் பார்த்தாள், இதைப் பார்த்தாள். அவளுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நாப்பத்தோரு வருஷம் ஊமையா இருக்கத் தெரிஞ்சுதே. இன்னும் கொஞ்ச நாள் இருக்கத் தெரியாதா? நம்ம ரெண்டு பேரும் போய்ச் சேர்ற வரைக்கும்?"

"நாம மெதுவாப் போவோம். அவ இன்னைக்கே வர்றா."

அவள் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். பென்ஷனை நிறுத்துவார்கள். பொய் வாரிசு என்று கேஸ் போடுவார்கள். மருமகள் வீட்டில் தலைகாட்ட முடியாது. செத்துப்போன தம்பியைத் தோண்டி எடுத்துத் தெருவில் போடுகிற மாதிரி இது. உனக்கு மட்டும் மனசாட்சி, எனக்கென்ன கல்லா, நான் தினமும் அந்தப் பொம்பளை முகத்தில்தானே விழித்தேன், ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்ததே நான்தானே என்றாள். எல்லாவற்றையும் அவர் வெட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், எங்கம்மா அன்றைக்கு அழுததை ஊர் நாடகம் என்று சொல்லும் என்றாள்.

"நாடகம்தானே."

அவள் திறந்து வைத்த தூக்கை மூடி, எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு மணிக்குக் குழியைப் பார்க்கக் கண்டக்டர் வந்தாள். முதலில் செவுத்தோரம் போய் நின்றாள். அங்கிருந்து கடப்பாரைச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என்னண்ணே, இடம் மாறி வெட்டறீங்க, இது வேற யாருக்கோவா என்றாள். அவர் நெஞ்சளவு குழியில் நின்றார். மேலே அவள் ஒரு மரம்போல நின்றாள்.  குழிக்குள் நின்றபடியே சொல்லி முடித்தார். பில்லை, போதை, லாரி, பற்றாத குழி.

அவள் நம்பவில்லை. நம்பாமல் இருப்பது அவளுக்குப் பழகியிருந்தது.

"எந்தக் கால் தெரிஞ்சுது?"

"இடது."

"எந்த விரல்?"

"பெருவிரல். பாதிதான் இருந்துச்சு."

அவள் மண் குவியல் மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகும் உயரமாகத்தான் இருந்தாள். அறுபத்து நாலின் கல்லில் இருந்த அரைப்படியின் பெயரை வாய்க்குள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். சண்டைக்கு வராத குரலில் கேட்டாள்.

"நேத்து சொல்லியிருக்கலாமே. நேத்துக் கூட எங்கம்மாவுக்கு நல்லாக் காது கேட்டுச்சு."

குழிக்காரர் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்பத்தோரு வருஷமாகத் தனக்குள் தயார் செய்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் வேறு கேள்விகளுக்கானவை. தம்பிக்குத் தூக்கு என்றார்கள் என்று சொல்லலாம். அந்தத் தம்பி செத்து ஆறு வருஷம். பிள்ளைகள் சின்னது என்று சொல்லலாம். பெரிய பிள்ளைக்கு முடி நரைத்துவிட்டது. மன்னிச்சிடும்மா என்று ஆரம்பித்தார். அவள் கையை நீட்டி நிறுத்தினாள். அண்ணே போய், நீ வந்துவிட்டது.

"என்கிட்ட சொல்லிட்ட. உன் பாரம் எறங்கிடுச்சு. ஓடிப்போனவன் மகளேன்னு என்னைக் கூப்பிட்டது நீயா? ஊரு. நாலு மணிக்கு ஊரு வரும். எல்லாரு முன்னாடியும் சொல்லு. சொல்லலேன்னா அம்மாவ எறக்க விடமாட்டேன், வீட்டுக்கே திருப்பித் தூக்கிட்டுப் போயிடுவேன்."

சொன்னதைச் செய்கிறவள் என்று அவருக்குத் தெரியும். டிக்கெட் எடுக்காத போலீஸ் இன்ஸ்பெக்டரையே நடுவழியில் இறக்கிவிட்டவள்.

நாலு மணிக்கு நாற்பது பேர் போல வந்தார்கள். பாதிப் பேர் சுரங்கக் குடியிருப்பின் பழைய ஆட்கள்; அதில் ஏழெட்டு விதவைகள், ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு. நடுவரிசையில் குழியைப் பார்த்ததும் முணுமுணுப்பு எழுந்தது. இங்கே பாறை என்றல்லவா சொன்னான் என்றார் ஒருத்தர். குழிக்காரரின் பெண்டாட்டி வரவில்லை. இடுகாட்டை ஒட்டிய அவர்கள் வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது.

பாடையைக் குழியோரம் வைத்துவிட்டுக் கண்டக்டர் அவரைப் பார்த்தாள். அவர் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவர். ஆகவே சுற்றி வளைக்கவில்லை.

"இந்தம்மா வீட்டுக்காரர் ஓடிப்போகல. அறுபத்து நாலுல இருக்கிறது அவருதான். என் மச்சான் பில்லையில இறங்கினாரு. எனக்கு அன்னைக்கே தெரியும்."

 ஒருத்தன், கிழவனுக்கு மூளை பிசகிவிட்டது என்றான். இன்னொருத்தி, பென்ஷன் வாங்கித் தின்னும்போது பிசகவில்லையா என்றாள்.  அந்தக் காலத்தில் பம்பு ஓட்டினவர், இப்போது கோல் ஊன்றி நடக்கிறவர், முன்னால் வந்து கல்லைத் தடவிப் பார்த்தார்.

"அன்னைக்குக் குழி பத்தலியே. நான்தான் ஒரு பக்கம் பிடிச்சிருந்தேன். பிணத்தை மேலே தூக்கினோமே."

பிடிச்ச ஆளு அப்பவே சொல்றதுக்கென்ன என்று கண்டக்டர் கேட்டாள்.

"பில்லை அரைப்படியோடதுல்ல இருந்துச்சு" என்றார் அவர். பிறகு, யாரும் கேட்காமலே, தனக்குள் பேசுகிற மாதிரி, "பில்லை மாத்துறது என்ன புதுசா. ஒவ்வொரு ஷிப்டுலயும் ரெண்டு மூணு பேராவது மாத்துவான்" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. விதவைகள் நடுவரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். எழுபத்தொரு கல்லும் வெயிலில் வரிசையாக நின்றன. கண்டக்டரும் மூன்று ஆட்களும் கயிறு பிடித்து அம்மாவை இறக்கினார்கள். குழி சரியாகப் பற்றியது. அவள் யாருக்கும் காத்திருக்கவில்லை. மண்வெட்டியை எடுத்து, பஸ்ஸில் நிற்பதுபோலக் கொஞ்சம் குனிந்து நின்று மண்ணைத் தள்ள ஆரம்பித்தாள்.

முப்பத்தெட்டாம் குழியில் கிடப்பவனின் பெண்டாட்டி, பல் இல்லாத கிழவி, குழிக்காரரின் கையைப் பிடித்தாள்.

"என் ஆளுக்குக் குழி பத்துச்சா?"

"ஞாபகம் இல்லம்மா."

அது உண்மை. அளந்த குச்சிகளை அன்றன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டார். அறுபத்து நாலைத் தவிர எந்தக் குழியின் அளவும் அவர் மனசில் நிற்கவில்லை. கிழவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இதையும் நாப்பத்தோரு வருஷம் கழிச்சுத்தான் சொல்லுவியா என்று கேட்டாள். அவர் சத்தியம் செய்தார். ஒருத்தரும் நம்பவில்லை.

கிழவி அவர் கையை விட்டுவிட்டு வரிசையில் நடந்தாள். முப்பத்தெட்டின் பக்கத்தில், தனக்கென்று விட்டிருந்த காலி இடத்தில் மண்டிபோட்டாள். கால்மாட்டில் ஆரம்பித்து, அவன் கல் வரம்பைச் சாண் சாணாக அளந்தாள். தலைமாடு வந்ததும் நின்று, உதட்டை அசைத்து எண்ணிப் பார்த்துவிட்டு, மறுபடியும் கால்மாட்டுக்கே நகர்ந்து வந்து கையை விரித்தாள். மற்ற விதவைகளும் ஒவ்வொருத்தியாகப் பிரிந்து தங்கள் தங்கள் கல்லைத் தேடிப் போனார்கள்.